மீன்பிடிக் கொள்கையை ஏன் மாற்ற வேண்டும், எப்படி மாற்ற வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன்வளம் குறைவதைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், கடலுக்குப் போகிறவர்கள், மீன் விற்கிறவர்கள், மாணவர்கள், அதிகாரிகள் என்று யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப்போகச் சிக்கலானவை.

கடல் எவ்வளவு பெரிசு! அதுல போய் மீன் தீர்ந்துடும்னு சொன்னா எப்படி நம்புறது?

கடல் பெரிதுதான், ஆனால் மீன் எல்லா இடத்திலும் கிடையாது. நடுக்கடலின் பெரும்பகுதி தரிசு நிலம் மாதிரி. கரையை ஒட்டிய ஆழம் குறைந்த திட்டுகளிலும், அடியிலிருந்து குளிர்ந்த நீர் சத்தோடு மேலே பொங்கி வருகிற சில இடங்களிலும்தான் மீன் திரளும். படகுகளும் அங்கேதான் திரளும்.

சரிந்த கதைகளுக்கும் குறைவில்லை. பெரு நாட்டில் 1970-இல் ஒரே ஒரு நெத்திலி வகையை மட்டும் 1.2 கோடி டன்னுக்கு மேல் பிடித்தார்கள். 1972-இல் எல் நினோ வந்து அந்தக் கடல் சூடானபோது, ஏற்கெனவே வலையால் அரிக்கப்பட்டிருந்த கூட்டம் ஒரேயடியாகச் சரிந்தது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் நூற்றாண்டுக் கணக்கில் பிடித்துவந்த காட் மீனுக்கும் இதே கதிதான். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

உலக அளவில் பார்த்தால், ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கணக்கெடுக்கும் மீன் கூட்டங்களில் 1974-இல் சுமார் 90 சதவீதம் தாங்கக்கூடிய அளவுக்குள் இருந்தன. 2021-இல் அது 62.3 சதவீதம்.

மீன் குறைஞ்சு போச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? உள்ளே போய் எண்ணிப் பார்த்தீங்களா?

எண்ண முடியாது, கணக்குப் போடலாம். எவ்வளவு மீன் கரைக்கு வருகிறது, அதைப் பிடிக்க எத்தனை படகு எத்தனை மணி நேரம் உழைத்தது, வந்த மீன் என்ன நீளம், என்ன வயது என்று பல சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். இதில் எனக்கு எப்போதும் வியப்பு தருவது வயது பார்க்கும் முறை. மீனின் தலைக்குள் சுண்ணாம்புக் கல் மாதிரி ஒரு சின்னக் கல் இருக்கும். அதை மெல்லிசாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். பல மீன்களில் வளையத்துக்கு ஒரு வயது.

ஒரு கூட்டத்தில் வயதான மீன்களே அகப்படாமல் ஓரிரு வயதுக் குஞ்சுகள் மட்டும் வலையில் வந்தால், எடை எவ்வளவு இருந்தாலும் அந்தக் கூட்டம் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள்.

ஆனா ஏலக்கூடத்துல மீன் வந்துகிட்டுத்தானே இருக்கு?

வருகிறது, என்ன விலை கொடுத்து வருகிறது என்று பாருங்கள். முன்பு கரைக்குப் பக்கத்தில் கிடைத்ததை இப்போது இரண்டு நாள் ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பெரிய எஞ்சின், நீளமான வலை, மீன் காட்டும் கருவி எல்லாம் சேர்ந்த பிறகும் அதே பாடுதான், அதாவது அதே அளவு மீன்தான் என்றால், கடலில் இருப்பது குறைந்துவிட்டது என்றே அர்த்தம். வகையும் மாறுகிறது: பெரிய மீன் போய்ச் சின்னது, அதுவும் போனால் நேற்றுவரை கழிவு மீன் என்று ஒதுக்கியது.

டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995-இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழிலுக்கு வந்த நாளில் பார்த்த கடலையே முழுமையான கடல் என்று எடுத்துக்கொள்கிறது, அதிலிருந்துதான் இழப்பை அளக்கிறது. தாத்தா பார்த்த கடல் கணக்கிலேயே வருவதில்லை.

இனப்பெருக்கக் காலத்துல தடை போடுறாங்களே, அது போதாதா?

தடைக்காலம் நல்லது. சினை மீனுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆனால் தடை முடிந்த மறுநாள் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் இறங்கி, இரண்டு மாதம் விட்டதை இரண்டு வாரத்தில் வாரிவிட்டால் மிச்சம் என்ன? படகின் எண்ணிக்கைக்கும் எஞ்சின் சக்திக்கும் வரம்பு இல்லாத இடத்தில் தடைக்காலம் மட்டும் தனியாக நின்று காப்பாற்றாது. எல்லா மீனும் ஒரே மாதத்தில் சினைப்படுவதும் இல்லை.

குஞ்சு மீனை விட்டுட்டுப் பெரிய மீனா பார்த்துப் பிடிச்சா சரியா?

பாதி சரி. வலையின் கண்ணி அளவைப் பெரிதாக்கி, ஒருமுறையாவது முட்டையிடும் வரை மீனை விடுவது எந்தக் கொள்கைக்கும் அடிப்படை. பொடிக் கண்ணி வைத்த இழுவைமடியில் குஞ்சு மீன் கூடை கூடையாக வந்து மீன்தூள் ஆலைக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். அடுத்த ஆண்டின் பாடு அது.

மறுபாதியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. பெரிய பெண் மீன்தான் கூட்டத்தின் தாய்மடி. ரெட் ஸ்னாப்பர் என்ற சிவப்பு மீன் வகையில் செய்த கணக்கு இது: 61 செ.மீ. நீளமுள்ள ஒரே பெண் மீன், 42 செ.மீ. நீளமுள்ள 212 பெண் மீன்கள் சேர்ந்து இடுகிற அளவு முட்டை இடுகிறது. அதனால் சில இடங்களில் கீழ்வரம்போடு மேல்வரம்பும் வைக்கிறார்கள். இவ்வளவுக்குக் குறைந்ததும் கூடாது, இவ்வளவுக்கு மிஞ்சியதும் கூடாது.

நான் விட்டா அடுத்தவன் பிடிச்சுட்டுப் போயிடுவான். நான் மட்டும் ஏன் விடணும்?

இந்தப் பக்கத்திலேயே மிக நேர்மையான கேள்வி இதுதான். கேட்கிறவர் பேராசைக்காரர் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. யார் முந்துகிறாரோ அவருக்கே மீன் என்று விதி இருக்கும் வரை, விட்டுக்கொடுப்பவர் நஷ்டப்படுவார். விதிதான் மாற வேண்டும்.

முந்தும் போட்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அலாஸ்காவின் ஹாலிபட் மீன்பிடி ஒரு பாடம். மொத்த அளவுக்கு மட்டும் வரம்பு வைத்தார்கள், ஆளுக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை. படகுகள் பெருகப் பெருக அந்த அளவு சீக்கிரமே தீர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் முக்கியப் பகுதிகளில் வருடத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் கடல் திறந்தது. அந்த நாளில் புயல் அடித்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். அவசரத்தில் அறுந்த தூண்டில் வரிசைகள் கடலிலேயே கிடந்து மீனைக் கொன்றன. மொத்த மீனும் ஒரே நேரத்தில் கரைக்கு வந்து விலை விழுந்தது. 1995-இல் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்த பிறகு பருவம் ஏறத்தாழ எட்டு மாதமாக நீண்டது.

அரசு வந்துதான் பிரிக்க வேண்டும் என்பதும் இல்லை. துருக்கியில் அலான்யா என்ற ஊர். 1970-களில் நல்ல இடத்துக்காக மீனவர்களுக்குள் அடிதடி. அவர்களே உட்கார்ந்து பேசி, பல வருடம் முயன்று ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். வலை போடும் இடங்களை ஒன்றின் வலை மற்றொன்றை மறிக்காதபடி பெயர் சொல்லிப் பட்டியலிட்டார்கள். செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஓர் இடம். அங்கிருந்து ஜனவரி வரை ஒவ்வொருவரும் தினமும் ஓர் இடம் கிழக்கே நகர வேண்டும். அதன் பிறகு மே வரை மேற்கே. நல்ல இடம் எல்லாருக்கும் ஒருநாள் வரும். இன்று என் முறை என்று காத்திருந்தவர் தன் இடத்தில் வேறொருவரை விடமாட்டார் என்பதால் கண்காணிப்புக்குத் தனி ஆள் தேவைப்படவில்லை. பொதுச்சொத்து என்றால் அழிந்தே தீரும் என்று 1968-இல் காரெட் ஹார்டின் என்ற சூழலியலாளர் எழுதியதற்கு, இப்படிப்பட்ட ஊர்களை எடுத்துக்காட்டித்தான் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அரசியல் அறிஞர் பதில் சொன்னார். 2009-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

அப்போ எல்லா இடத்துலயும் ஆளுக்குப் பங்கு பிரிச்சுக் கொடுத்துட்டா வேலை முடிஞ்சதுதானே?

பங்கை விற்கலாமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐஸ்லாந்து 1984-இல் படகுவாரியாகப் பங்கு கொடுத்தது, 1990-இன் சட்டத்தில் அதைத் தாராளமாக விற்கலாம் என்றாக்கியது. மீனின் கணக்குக்கு அது உதவியது. ஆனால் பங்குகள் பெரிய நிறுவனங்களின் கையில் சேர்ந்தன. ஒரு சின்ன ஊரின் படகுக்காரர் பங்கை விற்றுவிட்டுப் போனால், பனிக்கட்டி ஆலை, மீன் அறுக்கும் கூடம், வலை பின்னுகிறவர் என்று அந்த ஊரே வேலை இழக்கிறது. பணம் விற்றவருக்கு மட்டும்.

இதைத் தடுக்க வழி உண்டு. அலாஸ்காவில் ஒருவர் இவ்வளவுக்கு மேல் பங்கு சேர்க்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். மேற்கு அலாஸ்காவின் கரையோர ஊர்களுக்கு 1992 முதல் ஊர்ப்பங்கு தனியாக இருக்கிறது. நார்வேயில் மீன்பிடிப் படகுக்கு உரிமையாளராக இருப்பவர் பொதுவாகத் தொழில் செய்கிற மீனவராக இருக்க வேண்டும். சிலி நாடு 1991-இன் சட்டத்தில் வேறு வழி எடுத்தது: லோகோ என்ற கடல்நத்தைக்காக, கரையோர மீனவர் சங்கங்களுக்குக் கடலடியில் ஒரு பரப்பையே கொடுத்தது. சங்கம் கணக்கெடுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், ஒத்துக்கொண்ட அளவே எடுக்க வேண்டும். கரையோரத்துக்கு இந்த வழிதான் பொருந்தும் என்பது என் கருத்து. நூறு வகை மீன் ஒரே வலையில் வருகிற கடலில் ஒவ்வொன்றுக்கும் தனிப்பங்கு பிரித்துக் காகிதத்தில் எழுதலாம், நடைமுறையில் நிறுக்க முடியாது.

டீசல் மானியத்தைக் குறைக்கணும்னு சொல்றீங்களே, மீனவன் எப்படிப் பிழைப்பான்?

மானியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதற்கு மானியம் என்று கேட்கிறேன். மீன் குறைந்தால் எரிபொருள் செலவுக்குக் கட்டாது, படகு கரையில் நிற்கும், மீன் தேறும். இது கடலே போடும் கடிவாளம். எரிபொருள் மானியம் அந்தக் கடிவாளத்தை அறுக்கிறது. மீன் இல்லாத கடலிலும் படகு ஓடிக்கொண்டே இருக்கும்.

2018-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி உலக நாடுகள் மீன்பிடிக்குக் கொடுத்தது 3,540 கோடி டாலர். அதில் 2,220 கோடி, பிடிக்கும் திறனைப் பெருக்கும் வகை. மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு பெரிய அளவில் தொழில் செய்கிறவர்களுக்குப் போனது. சின்னப் படகுக்காரர் பெயரைச் சொல்லி வாங்கிய பணம் அவருடைய போட்டியாளரின் தொட்டியில் ஊற்றப்படுகிறது. அதே பணத்தில் காப்பீடு, தடைக்கால நிவாரணம், பனிக்கட்டி வசதி, கடலில் உயிர்காக்கும் கருவி கொடுத்தால் மீனவருக்கும் ஆதாயம், மீனுக்கும் கேடில்லை.

உலக வர்த்தக அமைப்பில் 2022 ஜூனில் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோத மீன்பிடிக்கும், அளவுமீறிப் பிடிக்கப்பட்ட கூட்டங்களில் மீன்பிடிக்கவும் மானியம் கூடாது என்கிறது. படகுகளின் அளவுக்கு மிஞ்சிய திறனைப் பெருக்கும் மானியம் பற்றிய பகுதியில் உடன்பாடு வராமல் தள்ளிப்போனது. கனமான பகுதியே அதுதான்.

சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். சின்னப் படகுக்கு மட்டும் என்ன சலுகை?

ஒரு நாளில் ஐம்பது கிலோ பிடிக்கிறவரையும் ஐம்பது டன் பிடிக்கிறவரையும் ஒரே தட்டில் வைத்தால், சட்டம் சமமாகத் தெரியும், பாரம் சமமாக இருக்காது. உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டாளிகளும் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் பிடிக்கும் மீனில் குறைந்தது 40 சதவீதம் சிறுதொழில் மீனவர்களுடையது. மீன்பிடியில் வேலை செய்கிறவர்களில் சுமார் 90 சதவீதம் அவர்கள். ஒரு டன் மீனுக்கு அதிகம் பேருக்குச் சோறு போடுவது எது என்று கேட்டால் விடை இதில் இருக்கிறது.

ஆகவே கரையை ஒட்டிய பகுதியைச் சின்னப் படகுக்கு ஒதுக்குவதைச் சலுகை என்று சொல்வது தவறு. சின்னப் படகால் ஆழ்கடலுக்குப் போக முடியாது, பெரியதால் முடியும். ஆனால் சின்னப் படகிலும் பொடிக் கண்ணி போட்டால் கேடு கேடுதான். குஞ்சு மீன் பற்றி மேலே சொன்னது எல்லாருக்கும் பொருந்தும்.

நான் கடலுக்குப் போறதில்ல. மீன் வாங்கி விக்கிறேன். தடை போட்டா எனக்கு நிவாரணம் இல்லையே, ஏன்?

பெரும்பாலான கொள்கைகள் படகையும் உரிமத்தையும் பார்த்து எழுதப்பட்டதால்தான். உரிமம் இல்லாதவர் கண்ணில் படுவதில்லை. மேலே சொன்ன 2023 ஆய்வு, சிறுதொழில் மீன்பிடி சார்ந்த வேலைகளில் பத்துக்கு நான்கு பேர் பெண்கள் என்கிறது. தரம் பிரிப்பது, உப்பிட்டுக் காயவைப்பது, கூடையில் சுமந்து விற்பது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் வேலை. கடல் மூடினால் அவர்கள் கூடையும் அன்றே காலி. நிவாரணப் பட்டியலைப் படகுப் பதிவேட்டிலிருந்து எடுக்காமல் கரையில் வேலை செய்கிற ஆட்களின் பெயரிலிருந்து எடுக்க வேண்டும். எந்தச் சீர்திருத்தத்திலும் நான் முதலில் தேடிப் பார்க்கிற வரி இது.

மீனைக் காப்பாத்துறேன்னு சொல்லி மீனவன் வயித்துல அடிக்கிறதுதானே கடைசியில நடக்குது?

பல இடங்களில் அப்படித்தான் நடந்தது. 1992 ஜூலை 2 அன்று கனடா அரசு நியூஃபவுண்ட்லாந்தின் காட் மீன்பிடியை மூடியது. இரண்டு வருடத்துக்கு என்றார்கள். சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. உதவித்தொகை கொடுத்தார்கள், வேறு தொழில் கற்றுக்கொடுத்தார்கள். மீன் திரும்பவில்லை. பத்து வருடத்தில் அந்த மாகாணத்தின் மக்கள்தொகை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. 2024-இல்தான் அரசு அந்தத் தடையை முறையாக விலக்கியது. அனுமதித்த அளவு 18,000 டன். 1968-இல் அதே கடலில் பிடித்தது எட்டு லட்சம் டன்.

இதோடு வட கடலின் ஹெரிங் மீனை வைத்துப் பாருங்கள். 1977-இல் மூடினார்கள், 1980-களின் தொடக்கத்தில் திறக்க முடிந்தது. ஹெரிங் சீக்கிரம் பெருகும் மீன் என்பது ஒரு காரணம். அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரை விஷயத்தில் இன்னும் தெளிவு. 2010-ஐ ஒட்டி ஆண்டு அளவை 13,500 டன்னுக்குக் குறைத்தார்கள், முழுக்க மூடவில்லை. கூட்டம் தேறியது. அழியும் நிலையில் இருந்த இனம், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2021-இன் செம்பட்டியலில் அபாயம் குறைந்த இனமாக மாறியது.

நேரத்தில் குறைத்தால் சில வருடக் கஷ்டம். தாமதித்தால் ஒரு தலைமுறையே தொழிலை விட்டுப் போகிறது. அந்தச் சில வருடக் கஷ்டத்தையும் மீனவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. காத்திருப்பதன் பலனை ஏற்றுமதியாளர், நுகர்வோர், அரசு எல்லாரும் அனுபவிக்கப் போகிறார்கள் என்றால் செலவிலும் அவர்கள் பங்கு இருக்க வேண்டும். தேதி, தொகை, யார் கொடுப்பது என்று எழுதப்படாத தடை உத்தரவை நான் ஆதரிப்பதில்லை.

மீனே பிடிக்கக் கூடாதுன்னு ஒரு இடத்தை ஒதுக்கினா பக்கத்துல மீன் பெருகும்கிறாங்க. உண்மையா?

பெருகிய இடங்கள் உண்டு. மெக்சிகோவின் காபோ புல்மோ 1995-இல் காப்பகமானது. 1999-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே மீனின் மொத்த எடை 463 சதவீதம் கூடியது. ஆனால் அங்கே மூடச் சொல்லிக் கேட்டதிலும் காவல் காத்ததிலும் உள்ளூர்க் குடும்பங்கள் முன்னின்றன. இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது பாதி உண்மை. மீனவரைக் கேட்காமல் வரைபடத்தில் கோடு போட்ட காப்பகங்கள் பல காகிதத்தோடு நிற்கின்றன. பிடிக்கும் அளவைக் குறைக்காமல் இடத்தை மட்டும் மூடினால் அதே படகுகள் பக்கத்தில் போய் நெருக்கும்.

வளர்ப்பு மீன்தான் இவ்வளவு வருதே, கடலை விட்டுடலாமே?

2022-இல் வளர்ப்பு மீன், இறால் வகைகளின் உற்பத்தி முதன்முறையாகப் பிடிக்கும் மீனை மிஞ்சியது. ஆனால் இறாலும் சால்மனும் தின்கிற தீவனத்தில் மீன்தூள் உண்டு. அந்தத் தூள் நெத்திலியிலிருந்தும் மத்தியிலிருந்தும் வருகிறது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஏழைகள் சாப்பிட்டுவந்த மத்தி இனங்கள் மீன்தூள் ஆலைக்குப் போவது பெரிய சண்டையாக இருக்கிறது. சிப்பி, கடற்பாசி மாதிரித் தீவனம் கேட்காதவற்றுக்கு இந்தக் குறை இல்லை.

நாங்க கட்டுப்பாடா இருந்தாலும் வெளிநாட்டுக் கப்பல் வந்து வாரிட்டுப் போனா?

1982-இன் கடல்சட்ட ஒப்பந்தப்படி கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்வளத்தின் மீது அந்த நாட்டுக்கே உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்தத் தெரிந்தால் சின்ன நாடும் பேரம் பேசலாம். பசிபிக்கில் எட்டுத் தீவு நாடுகள் சேர்ந்து, தங்கள் கடலில் சூரை பிடிக்கும் நாட்களை மொத்தமாகக் கணக்கிட்டு நாள் கணக்கில் விற்கின்றன. தனித்தனியாக நின்றபோது கிடைத்ததைவிடப் பல மடங்கு வருமானம் வருகிறது.

திருட்டுக் கப்பலைக் கடலில் துரத்துவது செலவு. பிடித்த மீனை இறக்க அதற்கு ஒரு துறைமுகம் வேண்டும் அல்லவா? அதை அடைக்கத்தான் 2016-இல் நடைமுறைக்கு வந்த துறைமுக நாடுகளின் ஒப்பந்தம்.

கடலே சூடாகி மீன் இடம் மாறுது. அப்புறம் இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு?

இடம் மாறுவதால்தான் கணக்கு இன்னும் கவனமாக வேண்டும். வடகிழக்கு அட்லாண்டிக்கில் கானாங்கெளுத்தி வகை மீன் ஐஸ்லாந்துப் பக்கம் நகர்ந்தது. 2010-ஐ ஒட்டி ஐஸ்லாந்தும் ஃபேரோ தீவுகளும் தங்களுக்கென்று அளவு வைத்துக்கொண்டன. பழைய பங்காளிகள் தங்கள் பங்கைக் குறைக்கவில்லை. எல்லாரின் பங்கையும் கூட்டினால் அறிவியலாளர் சொன்ன அளவைத் தாண்டியது. மீன் நகர்ந்தால் பங்கும் நகரும் என்ற விதியை மீன் நகர்வதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். பெருவின் நெத்திலி சொல்வதும் இதுதான்: கடைசி மீன் வரை கணக்குப் போட்டுப் பிடிக்கிற கடலுக்குச் சூட்டைத் தாங்கத் தெம்பு இருக்காது.

விஞ்ஞானி ஒரு கணக்குச் சொல்றார், என் அனுபவம் வேற சொல்லுது. யாரை நம்புறது?

நியூஃபவுண்ட்லாந்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. 1980-களில் கரையோர மீனவர்கள், காட் சிறுத்துவிட்டது, கரைக்கு வருவது குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அரசின் கணக்கு அதை ஏற்கவில்லை. ஆழ்கடல் இழுவைக் கப்பல்களின் பாடு நன்றாக இருந்ததே காரணம். குறைந்துபோன மீன் சில இடங்களில் நெருக்கமாகக் கூடியது. கருவி வைத்திருந்த கப்பல்கள் அந்த இடங்களைத் தேடிப்போய் வாரின. கப்பலின் கணக்குப்படி கடல் நிறைந்திருந்தது. 1980-களின் இறுதியில் அறிவியலாளர்களே தங்கள் பழைய கணக்கு மிகை என்று ஒத்துக்கொண்டு, பிடிக்கும் அளவைப் பாதிக்கும் மேல் குறைக்கச் சொன்னார்கள். அந்த அளவுக்கு அரசு குறைக்கவில்லை.

மீனவரின் அனுபவம் எப்போதும் சரி என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கரையில் மீன் இல்லாதது கடலில் இல்லாததாகாது. அனுபவத்தைக் கணக்கில் சேர்க்க ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான். கேட்டவரிடம் நான் சொன்னது இது: பாடு எழுதுகிற நோட்டில் இப்போது எடையும் விலையும் எழுதுகிறீர்கள். அதோடு எந்த இடம், வலை எத்தனை மணி நேரம் தண்ணீரில் கிடந்தது, கண்ணி என்ன அளவு என்பதையும், கைக்கு வந்த இருபது மீனின் நீளத்தையும் எழுதுங்கள். ஐந்து வருடம் எழுதிய நோட்டை நாற்பது படகுக்காரர்கள் மேசையில் வைத்தால், அதை ஒதுக்கிவிட்டு எந்த விஞ்ஞானியும் கணக்கை முடிக்க முடியாது.